கையேட்டுக்கும் பாயிரம் வேண்டும்

நூல் என்ற சொல்லைக் கேட்டதும் காப்பியமும் கவிதையும் நினைவுக்கு வருதல் தமிழ் மாணவர்க்கு இயல்பு. ஆயின் ஓர் இயந்திரத்தை வாங்கும்போது அதனுடன் வரும் பயன்பாட்டுக் கையேடும் ஒரு நூலே. அதனைப் பார்த்து ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். மற்றொருவர் திருகாணியைத் தளர்த்துகிறார். கவிதையில் ஒரு பாடம் பிழைபட்டால் நயம் குறையும். கையேட்டில் ஒரு வரி பொருந்தாமற் போனால் இயந்திரம் கெடும். சில வேளைகளில் உயிருக்கே கேடு நேரும்.

எம் துறையில் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் இன்று பெங்களூரில் மென்பொருள்களுக்குக் கையேடு எழுதும் பணியில் உள்ளார். சென்ற ஆண்டு ஊருக்கு வந்திருந்தபோது தம் பணியின் சிக்கலை எடுத்துரைத்தார். "எழுதுவது எளிது, ஐயா. எழுதியவற்றுள் எது எவருக்கு உரியது என்று காப்பதுதான் கடினம்" என்றார். நிறுவனம் புதிய வடிவத்தை வெளியிட்டுவிடும். வாடிக்கையாளருள் ஒரு சாரார் பழைய வடிவத்திலேயே இருப்பர். வேறொரு சாரார் அதற்கும் முந்தியதைக் கையாள்வர். ஆகவே ஒரே பொருளுக்கு ஒரே காலத்தில் மூன்று நான்கு கையேடுகள் உயிரோடிருக்க வேண்டும். ஒன்றில் பிழை திருத்தினால், அத்திருத்தம் மற்றவற்றுக்கும் பொருந்துமா என ஒவ்வொன்றாக ஆராய வேண்டும்.

இதனைக் கேட்டதும் சுவடிப் பதிப்பே என் நினைவில் எழுந்தது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடம் தேடியதை நாம் வகுப்பில் வியந்து பேசுகிறோம். ஆயின் இரண்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சுவடிகள் பல, அவற்றின் பின்னே பதிப்பாசிரியர் தேடும் மூலம் ஒன்று. கையேட்டிலோ ஒவ்வொரு வடிவத்துக்கும் அதனதன் மூலம் உண்டு. பழையது பிழையன்று, அது பழைய இயந்திரத்துக்குரிய உண்மை.

குளச்சலில் படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடை நடத்திய என் தாய்மாமா ஏட்டுக் கல்வி மிகுதியும் பெற்றவரல்லர். ஆயினும் அவர் கடையில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய எஞ்சின் கையேடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் அட்டையிலும் எஞ்சினின் மாடல் எண்ணைப் பெரிதாக எழுதி, நூலால் கட்டி வைத்திருப்பார். ஒரு நாள் மீனவ இளைஞர் ஒருவர் தாம் வாங்கிய பழைய எஞ்சினுக்கென யாரோ கொடுத்த கையேட்டின் நகலுடன் வந்தார். எரிபொருளில் எண்ணெய் கலக்க வேண்டியதில்லை என்று அந்நகல் கூறியது. மாமா கடையை விட்டிறங்கிச் சென்று எஞ்சினின் தகட்டைப் பார்த்து வந்து, "புத்தகத்துல தப்பில்ல மக்கா, அது ஒன் எஞ்சினுக்கு உள்ளது இல்ல" என்றார். எண்ணெய்க்குத் தனிக் கலம் வைத்த புதிய எஞ்சினுக்கு எழுதப்பட்டது அந்நகல். இளைஞரிடம் இருந்ததோ எரிபொருளோடு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டிய பழைய எஞ்சின். கலக்காமல் ஓட்டியிருந்தால் பிஸ்டன் இறுகி, நடுக்கடலில் எஞ்சின் நின்றிருக்கும்.

மாமா அறியாமலே செய்தது என்ன? நூலின் எல்லையைக் கண்டார். இவ்விடத்தில் நன்னூல் நமக்குக் கைகொடுக்கிறது. 13-ஆம் நூற்றாண்டினதாகிய அந்நூலில் பவணந்தி முனிவர், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டியவை இவையென வரையறுக்கிறார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு, காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். பனம்பாரனாரின் தொல்காப்பியப் பாயிரம் நம் குமரியைத் தென்னெல்லையாகக் குறிப்பதையும், நூலைக் கேட்டவர் அதங்கோட்டு ஆசான் எனச் சொல்வதையும் நாம் அறிவோம். அவ்வாசானின் ஊர் நம் மாவட்டத்து அதங்கோடே என்று கொள்வாரும் உளர்.

இப்பதினொன்றையும் ஒரு கையேட்டின் முதற்பக்கத்தில் பொருத்திப் பாருங்கள். எழுதியவர் யார், எந்த முந்தைய வடிவத்தின் வழி வந்தது, எந்த மாடல் முதல் எந்த மாடல் வரை செல்லும், படிப்பவர் பழுதுபார்ப்பவரா, பயன்படுத்துபவரா, எப்போது, எங்கே, ஏன் மாற்றப்பட்டது. யாப்பு என்பதனைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக நன்னூல் பகுக்கிறது. சுருக்கக் குறிப்பும் விரிவான கையேடும் தமிழாக்கமும் இந்நான்கினுள் அடங்கும். தமிழாக்கம் எந்த வடிவத்திலிருந்து பெயர்க்கப்பட்டது என்பது சொல்லப்படாவிட்டால், மூலம் மாறிய பின்னும் தமிழ் வாசகர் பழையதையே படித்துக்கொண்டிருப்பர். நபிமொழிக் கலையில் இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் வரிசைக்கு அளிக்கப்படும் இடத்தை அறிந்தவர்க்கு, ‘வழி’ என்பதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து சென்றால் நெல்லை மாவட்டத்தில் மகேந்திரகிரி உந்துவிசை வளாகம் உள்ளது. அங்கே சோதிக்கப்பெறும் ‘விகாஸ்’ எஞ்சின் ஒரு வழிநூல் எனலாம். அதன் முதல்நூல் பிரான்சு நாட்டின் ‘வைக்கிங்’ எஞ்சின். 1974-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் தலைமையில் நம் பொறியாளர்கள் பிரான்சு சென்று அத்தொழில்நுட்பத்தைக் கற்று வந்தனர். 1985-இல் விகாஸ் அந்நாட்டிலேயே வெற்றியுடன் சோதிக்கப்பட்டது. பின்னர் பி.எஸ்.எல்.வி., ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளில் இடம்பெற்றது, 2018-இல் உந்துவிசை மிகுந்த வடிவமும் பறந்தது. பெயர் ஒன்றாயினும் வடிவங்கள் பல. ஒன்றுக்குரிய அளவை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது.

கொண்டால் என்ன நேரும் என்பதற்கு, வைக்கிங் எஞ்சினால் பறந்த அதே ஏரியன் வரிசையே சான்று. 1996 ஜூன் 4-ஆம் நாள் முதன்முறையாக ஏறிய ஏரியன் 5 ராக்கெட் ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. ஏரியன் 4-க்கு எழுதிய மென்பொருட் பகுதியொன்றை அப்படியே எடுத்தாண்டிருந்தனர். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் மிகுதி. அவ்வெண் பழைய மென்பொருள் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கவில்லை. ஏழு மாறிகளுள் நான்குக்கே காப்பு அமைத்து, மூன்றை விட்டிருந்தனர். பழைய ராக்கெட்டில் அம்மூன்றும் வரம்பு மீறா என்பது அன்றைய துணிபு. அக்காரணம் மென்பொருளின் மூலவரிகளில் எழுதப்படவில்லை; மலைபோற் குவிந்த ஆவணங்களுக்குள் மறைந்து கிடந்தது என விசாரணைக் குழு கண்டறிந்தது. பாயிரத்தின் சொற்களில் கூறினால், எல்லை மாறியது. காரணம் கண்ணில் படவில்லை.

இதனைத் தவிர்க்கவே இன்று பல முறைகள் வகுத்துள்ளனர். 2.4.1 என்பது போன்ற எண்ணில், முதல் இலக்கம் மாறினால் பழைய வழக்கம் பொருந்தாது; இரண்டாவது மாறினால் புதியன சேர்ந்துள்ளன; மூன்றாவது மாறினால் பிழை மட்டும் திருத்தப்பட்டது. எல்லா வடிவங்களுக்கும் பொதுவான பகுதியை ஓரிடத்தில் மட்டும் எழுதி வைத்து, வேறுபடும் பகுதிகளுக்கு இன்ன வடிவத்துக்குரியது என்ற அடையாளம் இடுகின்றனர். 2005-இல் தோன்றிய ‘கிட்’ போன்ற கருவிகள், யார், எப்போது மாற்றினார் என்பதைத் தாமே பதிந்து, மாற்றியவரின் குறிப்பையும் உடன் காக்கின்றன. ஆயின் ‘ஏன்’ என்பதனை எழுத வேண்டியவர் மனிதரே. கருவி அக்குறிப்புக்கு இடம் தரும். அதில் ‘சிறு திருத்தம்’ என்று மட்டும் எழுதுவதும் மெய்க் காரணத்தை எழுதுவதும் எழுதுபவரின் பொறுப்பு.

தமிழ் படித்தால் என்ன வேலை என்று கேட்கும் பெற்றோர்க்கு நான் இதனையும் விடையாகச் சொல்வதுண்டு. மூலத்தையும் வழியையும் பிரித்தறியவும், பாடங்களை ஒப்பிடவும், கேட்போர்க்கேற்பச் சொல்லவும் பயின்ற மாணவர்க்குக் கணினிப் பயிற்சியும் ஆங்கிலமும் சேருமாயின் கையேட்டுத் துறை அயலன்று.

அப்பயிற்சியை நம் விடுதியிலேயே தொடங்கலாம். மூத்தவர் எழுதிய பாடக்குறிப்புகள் நகலாகி, நகலின் நகலாகி, ஆண்டுதோறும் கைமாறுகின்றன. பாடத்திட்டம் இடையில் மாறிவிடுகிறது. புதிய மாணவர் பழைய குறிப்பைப் படித்துத் தேர்வுக்குச் செல்கிறார். அதற்காகப் பழையதை எரித்துவிடவும் இயலாது; அரியர் எழுதும் மாணவர்க்குப் பழைய திட்டமே தேர்வு. ஆகவே மாணவச் செல்வங்களே, குறிப்பேட்டைப் பிறர் கையில் கொடுக்குமுன் முதற்பக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள்: எந்த ஆண்டுப் பாடத்திட்டம், யாருடைய குறிப்பைப் பார்த்து எழுதியது, எதனை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள். அடுத்து வருபவர் அந்நான்கு வரியைப் பார்த்துத் தமக்குரியதா அன்றா எனத் தெளிந்து கொள்வார்.