வட்டி ஏறினால் சம்பளம் தாங்குமா?

கல்கத்தாவில் சொந்த வீடு வேண்டுமென்னும் ஆவல் வாடகைக்கு வாழும் நம்மவர் பலருக்கும் உண்டு. ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கும் உண்டு. இல்லாள் நாள்தோறும் நினைவூட்டுகிறாள். ஆயினும் கணக்கு எச்சரிக்கிறது.

2022 ஏப்ரலில் 4 சதவீதமாயிருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. மாறும் வட்டியுள்ள வீட்டுக் கடன்களும் உடன் ஏறின. 20 இலட்சத்தை 7 சதவீதத்தில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை 15,506 ரூபாய். விரைவிலேயே வட்டி 9.5 ஆகிவிட்டால், ஒரு மாத வட்டியே ஏறக்குறைய 15,800! பழைய தவணையைச் செலுத்தினால் அசல் குறையாது, வளரும்.

தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா எனத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கடனாளிக்கு அளிக்குமாறு 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பணித்தது. எனினும் நீட்டிப்பு இங்கே உதவாது. அன்பர்களே, ஏறிய வட்டியையும் சம்பளம் தாங்குமெனில் வாங்குங்கள். யான் இன்னும் சேமித்து, கடனைக் குறைத்தே வாங்குவேன்.