கோமுக யாத்திரைக்கு மூட்டை கட்டுவோர் கவனத்துக்கு

தில்லியில் அனற்காற்று வீசும் வைகாசி மாதத்தில் கங்கோத்ரியை நாடும் நம்மவர் பலர். அவர்களுள் கோமுகம்வரை நடக்க விழைவோர் மூட்டை கட்டுமுன் சில செய்திகளை மனத்திற் கொள்வது நலம்.

கங்கோத்ரியின் உயரம் சுமார் 3,100 மீட்டர். கோமுகமோ ஏறக்குறைய 4,000 மீட்டர். இடைவழி சுமார் 18 கிலோமீட்டர். பதினான்காவது கிலோமீட்டரில் உள்ள போஜ்பாசாவில் இரவு தங்கலாம். வனத்துறையின் அனுமதிச் சீட்டு இன்றியமையாதது.

பருத்தியாடை வியர்வையில் நனைந்தால் எளிதில் உலராது. மாலைக் காற்றில் உடலை நடுக்கும். ஆகவே கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லாய், கையுறை, மாற்றுக் காலுறை ஆகியவை முதலிடம் பெறட்டும். மழைக்கோட்டு, டார்ச் விளக்கு, கறுப்புக் கண்ணாடி, இரும்புப் பூணிட்ட கழி என்பனவும் வேண்டும். புதுக் காலணி கூடாது. பழகியதே காலைக் கடிக்காது.

அரிசி பருப்பைச் சுமப்பது வீண். அவ்வுயரத்தில் நீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதிப்பதால், குக்கரின்றிப் பருப்பு வேகாது. பொருள்விளங்கா உருண்டை, வறுத்த கடலை, வெல்லம், பேரீச்சை ஆகியவை கனம் குறைந்தவை, கெடாதவை.

மருந்துப் பெட்டியும் இருக்கட்டும். ஆனால் அதை நம்பி உயரத்தோடு போட்டியிடலாகாது. கங்கோத்ரியில் ஒருநாளேனும் தங்கி உடலைப் பழக்கியபின் ஏறுக. தலைவலியும் குமட்டலும் கண்டால் மேலே ஏறாது நிற்க வேண்டும். அவை தணியாவிடினும், மூச்சுத் திணறல் கண்டாலும், உடனே கீழிறங்குவதே மருந்து. “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று பெரியவர்கள் பிடிவாதம் செய்யலாம்; இளையோர் பணிவுடன் மறுத்து அழைத்து வருக. கங்கோத்ரிக் கோயிலருகே ஓடுவதும் அதே பாகீரதிதானே!