ஆவடி போர்டும் டாட் என்வ் ஃபைலும்

மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் நிற்கிற ஒரே லோக்கல் ரயில் காலையில் ஆவடி போகும், மதியம் திருவள்ளூர், சாயங்காலம் அரக்கோணம். மாறுவது போர்டு மட்டும்தான். ஊருக்கு ஒரு ரயில் என்று யாரும் செய்து வைப்பதில்லை. நோட் ஜேஎஸ்-ல் எழுதுகிறவர்கள் 'டாட் என்வ்' என்று ஒரு ஃபைல் வைத்துக்கொள்வதும் இதே கதைதான் மக்களே.

பூந்தமல்லி ஸ்வீட் கடை ஒன்றுக்கு ஒரு மாணவர் ஆர்டர் சைட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வாங்க ரேஸர்பே. லேப்டாப்பில் டெஸ்ட் சாவி, சர்வரில் நிஜப் பணம் வரும் லைவ் சாவி. கோட் ஒன்று, சாவி இரண்டு. சாவியைக் கோடுக்குள்ளேயே எழுதிவிட்டு ஒருநாள் மாற்ற மறந்தால் போச்சு. ஆர்டர் குவியும், கல்லா காலி.

அதனால் சாவியை வெளியே, வரிக்கு ஒரு பெயர், ஒரு மதிப்பு என்று தனி ஃபைலில் வைக்கிறார்கள். ப்ரோகிராம் கிளம்பும்போது டாட்என்வ் என்ற பேக்கேஜ் அதைப் படித்து 'ப்ராசஸ் டாட் என்வ்'வில் போட்டுவிடும். ஏற்கெனவே சர்வரில் அதே பெயரில் மதிப்பு இருந்தால் அதில் கை வைக்காது. 2023-ல் வந்த நோட் 20.6-லிருந்து பேக்கேஜே வேண்டாம், நோடே படித்துக்கொள்ளும்.

இதில் ஒரு வில்லங்கம். அங்கே வருவதெல்லாம் வெறும் எழுத்து. 'எஸ்எம்எஸ் அனுப்பு = ஃபால்ஸ்' என்று எழுதினால், ஜாவாஸ்கிரிப்டுக்கு அது காலியாக இல்லாத ஒரு சொல், அதாவது 'ஆமாம்'. டெஸ்ட் ஆர்டர் போட்டதற்கு நடுராத்திரியில் கடைக்காரருக்கு "50 கிலோ மைசூர்பாகு" என்று எஸ்எம்எஸ் போகும் :-) ஃபைலே கிடைக்காவிட்டாலும் டாட்என்வ் அலறாது, சும்மா இருக்கும். அது தேடுவது ப்ரோகிராமை எந்த ஃபோல்டரிலிருந்து கிளப்பினோமோ அங்கே. கிரானில் ஓடும்போது அது வேறு ஃபோல்டராக இருக்கலாம். ஆகவே தேவையான மதிப்பு இல்லையென்றால் கிளம்பாமலே நிற்கும்படி இரண்டு வரி எழுதிவிடுவது உத்தமம்.

பெரிய ஆப்பு கிட்டில்தான். டாட் என்வ்வைச் சேர்த்து கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால், சாவி கையில் கிடைத்தவர் கடைக்குப் பணம் கட்டிய ஒவ்வொருவரின் போன் நம்பரையும் எடுத்துவிடலாம். பிரைவேட் ரெப்போதானே என்கிற சமாதானம் எடுபடாது. 2016-ல் ஊபர் கம்பெனியின் பிரைவேட் ரெப்போவில் நுழைந்தவர்களுக்கு அமேசான் சர்வரின் சாவி அங்கேயே கிடைத்தது. போனது 5.7 கோடிப் பேரின் விவரம்.

ஏற்றிய பிறகு கிட்இக்னோரில் சேர்ப்பதால் பயனில்லை. டெலிட் செய்தாலும் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். முதல் வேலை, ரேஸர்பே டேஷ்போர்டில் போய்ப் புதுச் சாவி வாங்கிப் பழையதைச் செல்லாமல் ஆக்குவது. ரெப்போவில் இருக்க வேண்டியது 'டாட் என்வ் டாட் எக்ஸாம்பிள்' மட்டும். அதில் பெயர்கள் இருக்கும், மதிப்புகள் இருக்காது.