கரண்ட் இல்லைதானே?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த இளம் வக்கீல், “சாட்சியம் பதியறதுக்கு இனிமே ஜட்ஜே வேண்டாம் சார், பேசப் பேச கம்ப்யூட்டரே டைப் பண்ணிடும்” என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாவட்ட நீதிபதியாக ஓய்வு பெறும்வரை 32 வருஷம் நான் செய்த வேலையில் பாதி அதுதான்.

தீர்ப்பை எல்லோரும் படிக்கிறார்கள். அது நிற்பது சாட்சியத் தாளின்மேல். அப்பீல் கேட்கும் உயர் நீதிமன்ற நீதிபதிகள் சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் எழுதிய தாளைத்தான் பார்க்கிறார்கள். 2024-ல் நீக்கப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366-ன் கீழ் தூக்குத் தண்டனையை உறுதி செய்ய அனுப்பிய கட்டிலும் அதே தாள்தான்.

அந்தச் சட்டத்தின் 275-ம் 276-ம் சாட்சியத்தைச் சாதாரணமாக விவரிப்பு நடையில் எழுதச் சொல்லின. குறுக்கு விசாரணையில் வக்கீலின் கேள்வி அதில் கரைந்துவிடும். மிஞ்சுவது ‘என்று சொன்னால் சரிதான்’, ‘என்று சொன்னால் சரியல்ல’ என்ற இரண்டு வால்கள். இதில் எங்கே வழுக்கும் என்று எனக்குக் காட்டியவர், நான் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்த முதல் வருஷத்து பெஞ்ச் கிளார்க்.

அடிதடி வழக்கு. கூண்டில் ஒரு பாட்டி. “அன்னைக்கு ராத்திரி கரண்ட் இல்லைதானே?” என்றார் எதிரித் தரப்பு வக்கீல். பாட்டி, “இல்லை” என்றார். மின்சாரம் இல்லை என்று சொன்னால் சரியல்ல என்று எழுதச் சொன்னேன். கிளார்க் பேனாவை எடுக்கவில்லை. குனிந்து, “ஐயா, எந்த இல்லைன்னு ஒரு தடவை கேட்டுருங்க” என்றார்.

சாட்சிச் சட்டம் 165 எனக்குக் கொடுத்த உரிமையை அன்றுதான் முதன்முதலாகப் பயன்படுத்தினேன். “கரண்ட் இல்லையா பாட்டி, இல்ல வக்கீல் சொல்றது சரியில்லையா?”

“கரண்ட் இல்லைங்கய்யா. நிலா இருந்துச்சு. மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது.”

அந்த இடத்தை மட்டும் கேள்வி பதிலாகவே எழுதவைத்தேன். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எத்தனை பேர் எழுதுகிறார்கள்? ஓய்வுக்கு முந்தைய வருஷங்களில் என்னிடம் வந்த அப்பீல் கட்டுகளில், மூன்று சாட்சிகளின் வாக்குமூலம் எழுத்துப் பிழை உட்பட ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் சாட்சியுடையதை நகலெடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள். மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று பார்த்ததை ஒரே வாயில் போட்டுவிட்டால், அப்பீலில் நான் எதை வைத்து எடை போடுவது? அதே சட்டத்தின் 278-ன்படி சாட்சிக்குப் படித்துக் காட்டுவதும் ரப்பர் ஸ்டாம்பாகிவிட்டிருந்தது. ‘படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்’ என்று முத்திரை இருக்கும். படித்தவர் யாரும் இருக்கமாட்டார்.

எங்கள் கிளார்க் ஒவ்வொரு வரியையும் கூண்டருகே நின்று உரக்கப் படிப்பார். அன்றும் படித்தார். பாட்டி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கைநாட்டு வைக்குமுன், “நிலாவை எழுதிட்டீங்களாய்யா?” என்றார். அந்த வரியை மட்டும் கிளார்க் இன்னொரு தடவை படித்தார்.