கரைக்கு வராத கப்பல்

எங்கள் உப்புக்குளத்துக் கரைக்குக் கப்பல் வராது. வள்ளம்தான் வரும். கடல் வற்றிக் கிடக்கிற நேரம் அதுவும் வராது. தள்ளி நங்கூரத்தைப் போட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் மீன்கூடையைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். வாப்பா அப்படி நடந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

போன நோன்புப் பெருநாளன்று தங்கச்சியின் மகன் கைப்பேசியில் ஒரு பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தான். 1996இல் வந்த ‘இன்டிபென்டன்ஸ் டே’. அதில் வருகிற வேற்றுலகக் கப்பல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 கிலோமீற்றர் அகலம். எங்கள் மன்னார்த் தீவின் நீளத்துக்குக் கிட்ட வரும்.

“மாமா, இவ்வளவு பெரிய கப்பல் நிலத்தில இறங்குமா?”

“இறங்கும் மகன். ஒரேயொரு தரம்.”

அவன் சிரித்துவிட்டுப் படத்துக்குள் போய்விட்டான். எனக்குத்தான் அந்தக் கேள்வி விடவில்லை. இரவு ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

24 கிலோமீற்றர் வேண்டாம், சின்னக் கப்பலாகவே எடுத்துக்கொள்வோம். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் பழைய ‘என்டர்பிரைஸ்’ ஏறத்தாழ 290 மீற்றர் நீளம் என்பார்கள். அதைவிடக் கொஞ்சம் நீளமான அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் நிஜத்திலேயே இருக்கின்றன. எடை ஏறத்தாழ ஒரு லட்சம் தொன். நம் விண்கப்பலுக்கும் அதே எடையைக் கொடுப்போம். மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் ரொக்கெட்டின் முதற்கட்டம் ஏறத்தாழ 3,400 தொன் தள்ளுவிசை கொண்டது. அப்படியானால் இந்தக் கப்பல் பூமியில் விழுந்து நொறுங்காமல் அந்தரத்தில் நிற்பதற்கே முப்பது சாட்டர்ன்கள் ஒன்றாக எரிய வேண்டும்.

நின்றுவிட்டது, சரி. கால் வைப்பது எங்கே? உப்பளத்துப் பக்கம் மாரியில் லொறி புதைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெறும் லொறி போன தடத்தில், மூட்டை ஏற்றிய லொறி அச்சுவரை இறங்கிவிடும். இறுகிய நல்ல நிலம் சதுர மீற்றருக்குப் பத்துத் தொன் தாங்கும் என்று வைத்தாலும், ஒரு லட்சம் தொன்னுக்குப் பத்தாயிரம் சதுர மீற்றர் பாதம் வேண்டும். அது இரண்டரை ஏக்கர்.

பெரிதாக்கப் பெரிதாக்க இந்தக் கணக்கு மோசமாகும். கலிலியோ 1638இல் வெளிவந்த தன் நூலிலேயே இதை விளக்கிவிட்டார். ஒரு பொருளை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெருப்பித்தால் எடை ஆயிரம் மடங்காகும். காலின் குறுக்குப் பரப்போ நூறு மடங்குதான் ஆகும். பெருத்த உடம்புக்குக் கால் போதாமல் போவது இயற்கையின் சட்டம். எங்கள் பக்கத்துக் கடனீரேரிகளில் வந்து இறங்கும் பூநாரைக்குக் குச்சிக் கால் போதும். யானைக்குத் தூண் வேண்டும். மலைக்குக் கால் வைக்க முடியாது.

நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. முப்பது சாட்டர்ன் ஐந்தாகிவிடும். ஆனால் அங்கே வேறொரு தொல்லை உண்டு, தூசு. 2023 ஓகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கியபோது ஏறத்தாழ 108 சதுர மீற்றர் பரப்பில் இரண்டு தொன் மண் கிளம்பிச் சிதறியதாக இஸ்ரோ கணித்தது. பூமியிலிருந்து புறப்பட்டபோது விக்ரமின் எடையே ஒன்றே முக்கால் தொன்தான். 1969இல் அப்பலோ-12 இறங்கியபோது கிளப்பிய மண், ஏறத்தாழ 160 மீற்றர் தள்ளி நின்ற பழைய ‘சர்வேயர்-3’ கலத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேய்த்துவிட்டிருந்தது. ஒரு லட்சம் தொன் இறங்கினால், தான் நிற்கப் போகிற இடத்தையே முதலில் தோண்டிவிட்டுத்தான் இறங்கும்.

கணக்கை மூடிவைத்த பிறகு எனக்கு நினைவு வந்தது திமிங்கிலம். 2016 ஜனவரியில் தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டுக் கரையில் கூட்டமாகத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துவிட்டார்கள்; பல திரும்பி வந்து கரையிலேயே செத்தன. 2020 நவம்பரில் நம் பாணந்துறையில் நூறளவில் ஒதுங்கியவற்றைக் கடற்படையும் ஊர்ச்சனமும் விடியவிடியத் தள்ளிக் காப்பாற்றினார்கள். தண்ணீரில் அந்த உடம்புக்குப் பாரமே இல்லை. கரையில் கிடத்தினால் அதன் எடையே அதன் நெஞ்சை அழுத்தும். யாரும் அடிக்க வேண்டாம், கரையே கொன்றுவிடும். விண்வெளியிலேயே பொருத்தப்பட்ட சர்வதேச விண்வெளி நிலையமும் இந்தச் சாதிதான். 400 தொன்னுக்கு மேல் எடையும் நூறு மீற்றருக்கு மேல் விரிந்த சிறகுகளும் கொண்ட அதை முழுசாகத் தரையிறக்கும் எண்ணம் யாருக்கும் இருந்ததில்லை.

அப்படியென்றால் பெருங்கப்பல் எங்குமே இறங்காதா? இறங்கும், இடம் பார்த்து இறங்கினால். செவ்வாயின் சின்ன நிலவு போபோஸில் ஈர்ப்பு பூமியினதில் ஆயிரத்து எழுநூற்றில் ஒரு பங்குதான். நம் ஒரு லட்சம் தொன் அங்கே அறுபது தொன்னுக்குள் அடங்கிவிடும். அங்கே புதைவது பிரச்சினையில்லை, நிற்பதுதான் பிரச்சினை. 2014 நவம்பரில் வால்வெள்ளி ஒன்றில் இறங்கிய பிலே என்ற கலம், குத்திப்பிடிக்க வேண்டிய ஈட்டிகள் பாயாததால் துள்ளித் துள்ளிப் போய் ஒரு பாறை நிழலில் விழுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இறங்குவதை இறங்குவது என்று எங்கள் ஊரில் சொல்லமாட்டார்கள். நங்கூரம் போடுவது என்பார்கள்.

கதை சொன்னவர்களில் சிலரும் கப்பலை இறக்கவில்லை; காரணம் மட்டும் வேறு. 1966இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்கியபோது வாராவாரம் கப்பலை இறக்கிக் காட்டப் பணம் கட்டுப்படியாகவில்லை. அதனால் ஆட்களை ஒளியாக்கித் தரைக்கு அனுப்பும் கருவியைக் கற்பனை செய்தார்கள். காசில்லாமல் எடுத்த முடிவு, பொறியியலுக்கும் சரியாகப் பொருந்திவிட்டது. கப்பல் மேலே நிற்கட்டும், மனிதர் மட்டும் இறங்கட்டும்.

பாக்குநீரிணையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் புதுமையில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணல் திட்டுகளில் பல இடங்களில் ஆளுயரத் தண்ணீர்கூட இல்லை. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகிற பெருங்கப்பல் இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றித்தான் போகிறது. வாய்க்கால் வெட்ட 2005இல் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டமும் பாதியில் நின்றுவிட்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எங்கள் முஸ்லிம் சனத்தைத் தீவைவிட்டு வெளியேற்றியபோது, கற்பிட்டிக் கரையில் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவையும் வள்ளங்களே. கரை சேர்க்கிற வேலைக்குப் பெருத்த உடம்பு உதவாது.

மருமகனுக்கு மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். “அப்ப பெரிய கப்பல் சும்மாவா மாமா?” என்றான். சும்மா இல்லை. ஆழ்கடலைத் தாண்டுவது அதன் வேலை, கரையைத் தொடுவது வள்ளத்தின் வேலை. இரண்டையும் ஒன்றே செய்ய வேண்டும் என்று அடம்பிடிப்பது சினிமா மட்டும்தான். சந்திரயான்-3ஐச் செய்தவர்கள் அப்படி அடம்பிடிக்கவில்லை. விக்ரம் நிலவிலேயே நிற்கிறது. அதை நிலவுவரை சுமந்துபோன உந்துகலமோ, நிலவின் தரையை ஒருநாளும் தொடாமல், அந்த வருஷம் முடியுமுன்னே பூமியின் சுற்றுப்பாதைக்குத் திரும்பிவிட்டது.