தலைவிதியா? தேர்வு விதியா?

விதி என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. ஒன்று, நெற்றியிலே எழுதப்பட்டதாக நம்பப்படுவது. மற்றொன்று, மனிதர் கூடியமர்ந்து எழுதி, அச்சிட்டு, குறை கண்டால் திருத்திக்கொள்வது. முன்னதைப் படித்தவர் எவருமிலர். பின்னதை எவரும் படிக்கலாம். ஆயினும், மாணவன் ஒருவன் தேர்வில் தவறியதும் நம் இல்லங்கள் எந்த விதியை எண்ணி ஏங்குகின்றன? படிக்கவே முடியாத அந்த முதல் விதியைத்தான்!

என் தம்பி ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. கணிதம் பயில்பவன். பிளஸ் டூ முடித்தவுடன் சேர்ந்து, இளங்கலையையும் முதுகலையையும் 10 பருவங்களில் ஒரே தொடராக முடிக்கும் படிப்பு அது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் கணக்குப் போட்டவன், அங்கே ஆங்கிலத்தில் தேற்றங்களை நிறுவ வேண்டியிருந்தது. முதலாண்டைத் தத்தித் தத்திக் கடந்தான். இரண்டாம் ஆண்டில் நான்கு தாள்களில் தவறினான். மூன்றாம் ஆண்டுக்குச் செல்லத் தகுதியில்லை என்று கடிதம் வந்தது.

அம்மா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு சோதிடரிடம் சென்றார். ஏழரைச் சனி என்று விடை வந்தது. மாமா, "படித்தது போதும், கடைக்கு அனுப்பு" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. தம்பியோ அறையைவிட்டு வெளியே வரவில்லை. "அக்கா, எல்லாம் முடிந்துவிட்டதா?" என்று அவன் கேட்டபோது, ஆறுதல் மொழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. "உங்கள் விதிமுறைப் புத்தகம் எங்கே?" என்றுதான் கேட்டேன். சேர்ந்த நாளில் தந்தார்களாம். பிரிக்கப்படாமலே பெட்டிக்கடியில் கிடந்தது. ஆங்கிலத்தில் இருந்த அந்நூலை இருவரும் இரண்டு இரவுகள் வரிவரியாகப் படித்தோம்.

அதிலே நாங்கள் கண்டதென்ன? தவறிய தாள்கள் நான்குதாம். தேறிய தாள்களும் அவற்றுக்குரிய கிரெடிட்டுகளும் அழிவதில்லை. பின் ஏன் ஓராண்டு போகிறது? பல தாள்கள் ஆண்டுக்கு ஒருமுறையே நடத்தப்படுகின்றன. மூன்றாம் பருவத்துத் தாளைத் தவறவிட்டவன், அது மீண்டும் நடக்கும் பருவம்வரை காத்திருக்க வேண்டும். அதில் தேறினாலன்றி, அதன்மேல் கட்டப்பட்ட அடுத்த தாளைத் தொடவும் இயலாது. நம் கலைக் கல்லூரிகள் பலவற்றில் அரியரோடு அடுத்த வகுப்பில் அமரலாம். இங்கோ, குறைந்த அளவு கிரெடிட்டுகள் சேர்ந்தால்தான் மேல் வகுப்பு. ஆக, ஓராண்டை விழுங்கியது சனியுமன்று, கோளுமன்று. கால அட்டவணை!

இன்னொன்றும் கண்டோம். இயல்பான காலத்துக்குமேல் இரண்டு ஆண்டுகள்வரை படிப்பை முடிக்க இடமுண்டு. ஐந்து ஏழாகலாம். எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதற்கு அச்சிட்ட ஆதாரம் கிடைத்த அன்றுதான் தம்பி எங்களோடு அமர்ந்து உணவு உண்டான்.

ஆனால், தோழர்களே, விதிநூலைப் படித்தால் ஆறுதல் மட்டுமன்று, ஐயமும் பிறக்கிறது. பழைய முறையில் பி.எஸ்ஸி. முடித்தவன் பின்னர் எம்.எஸ்ஸி.யில் தவறினாலும், முதற்பட்டம் அவன் கையில் இருக்கும். ஒருங்கிணைந்த படிப்பிலோ, இடையில் பட்டம் தர விதியில்லாத இடத்தில், நான்காம் ஆண்டில் தடுமாறி வெளியேறுபவன் கையில் மிஞ்சுவது பிளஸ் டூ சான்றிதழ் ஒன்றே. ஐந்து மாடிக்குப் படிக்கட்டு அமைத்தவர், நடுவிலே நின்று மூச்சுவாங்க ஒரு தளம் அமைக்க மறந்தது ஏன்?

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஓராண்டுக்குச் சான்றிதழ், ஈராண்டுக்குப் பட்டயம், மூவாண்டுக்குப் பட்டம் என இடைவாயில்களை வகுத்தது. ஏழையை வெளியே தள்ளுவதற்கே இவ்வாயில்கள் உதவும் என்ற அச்சம் தமிழ்நாட்டில் எழுந்தது. அந்த அச்சம் எனக்கும் உண்டு. முதலாண்டோடு போகிறவனுக்குத் தரும் சான்றிதழ் எந்த வேலையைப் பெற்றுத் தரும்? ஆனால், மூன்றாண்டு உழைத்தவனுக்கு இளங்கலைப் பட்டம் தருவது சலுகையன்று. அவன் ஈட்டிய கூலி. விழுந்தவனைத் தாங்கும் தளம் வேறு, விழும்படி தள்ளும் வாயில் வேறு.

கூடுதல் ஆண்டு என்பது காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்றே. வாழ்க்கையில் அப்படியன்று. வசதி படைத்தவன் மகனுக்கு அது ஓராண்டு, அவ்வளவுதான். தையற்கடை நடத்தும் என் தந்தைக்கோ, இன்னும் ஓராண்டு விடுதிக் கட்டணம், இன்னும் ஓராண்டு உணவுச் செலவு, உதவித்தொகை தொடருமா என்ற கவலை. ஏட்டிலே சமத்துவம் இருந்து, வீட்டிலே வறுமை இருந்தால், ஒரே தோல்வி ஒருவனுக்குத் தடையாகிறது, இன்னொருவனுக்கு முடிவாகிறது.

அப்பா தம்பியை மீண்டும் அனுப்பினார். தன்னைவிட இளையவர்களோடு அமர்ந்து பயின்று, நான்கில் மூன்று தாள்களில் தேறினான். நான்காவது இன்னும் நிற்கிறது. கிரெடிட் கணக்கு நிறைந்ததால் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறான். அவன் விதிநூலில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு இடமுண்டு. அதைப் பெற்று வெளியேறுவதா, ஐந்தையும் முடிப்பதா என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம். அம்மா இன்னும் சனிக்கிழமை விளக்கேற்றுகிறார். ஆனால் தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளையும் நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்!

நான் பணிபுரியும் பள்ளியிலிருந்து ஒருங்கிணைந்த படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்க்கு, நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். தவறிய தாள் மீண்டும் எப்போது நடக்கும்? மேல் வகுப்புக்கு எத்தனை கிரெடிட் வேண்டும்? மொத்தம் எத்தனை ஆண்டுகளில் முடிக்கலாம்? மூன்றாம் ஆண்டின் முடிவில் பட்டம் உண்டா? சேரும் நாளிலேயே இவற்றைக் கேளுங்கள். விடை தமிழில் வேண்டுமென்றும் கேளுங்கள்.