மருந்துக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்?

முதன்முறை வருகிறவரிடம் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று நான் ஆரம்பிப்பதில்லை. மாதம் மருந்துக்கென்று எவ்வளவு எடுத்து வைக்க முடியும் என்றுதான் கேட்பேன். சிலருக்குச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால், "காசு பத்தலை, ரெண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கிட்டேன் சிஸ்டர்" என்பது ஆறு மாதம் கழித்துத்தான் வெளியே வரும். அதற்குள், மருந்து போதவில்லை என்று நினைத்து மருத்துவர் இன்னொன்றைச் சேர்த்து எழுதியிருப்பார். செலவு இன்னும் ஏறியிருக்கும்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஒரே வீதியில் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடும் இருக்கும், நாள்கூலியை நம்பிய வீடும் இருக்கும். இரண்டிலும் அதே நோய்.

மாத்திரைப் பட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பக்கத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கப் பழக்குகிறேன். விலையை ஒப்பிட அதுதான் உதவும். மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதைப் பற்றி எழுதியது 1957-இல். அத்தனை பழைய மருந்து இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. மக்கள் மருந்தகத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு ரூபாய்க்கும் குறைவு. சிட்டாகிளிப்டினின் காப்புரிமை 2022-இல் முடிந்ததும், 50 மில்லிகிராம் பத்து மாத்திரையை அதே மருந்தகங்கள் 60 ரூபாய்க்குத் தந்தன. எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்தது. ஒரு மாத்திரை அறுபது ரூபாய் என்றிருந்த மருந்து பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. பழைய சீட்டையே நீட்டி வாங்குகிறவர்கள் இன்னமும் பழைய விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். சீட்டில் இருப்பதைக் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு மாற்றித் தர முடியாது. மருந்தின் பெயரையே எழுதிக் கொடுங்கள் டாக்டர் என்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

இலவச மருந்துக்கும் ஒரு விலை உண்டு. விடியற்காலையில் கோரிமேடு போய் ஜிப்மர் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால் மாதாமாத மருந்தை வீட்டருகே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பெரிய ஆஸ்பத்திரிக்கென்று ஒரு நாளை விடும்போது, வருடத்துக்கொரு முறை பார்க்க வேண்டிய சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின், விழித்திரை எல்லாவற்றையும் அன்றே கேட்டுவிட வேண்டும்.

என் நேரம் அதிகம் போவது இன்சுலினில்தான். பேனாவைவிடக் குப்பி மலிவு. குப்பியில் போடுவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு, உள்ளே போகிற மருந்து ஒன்றுதான் என்று சொல்லிப் புரியவைப்பேன். ஆனால் குப்பிக்குக் கவனம் வேண்டும். நம் ஊர்க் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட்; அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும். ஆள் மயங்கி விழுவார்.

அடுத்து வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கட்டி கட்டியிருக்கும். அதில் போட்ட மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. இடத்தை மாற்றிப் போட்டதும் டோஸ் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மாற்றுகிற நாட்களில் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும், மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் இன்சுலினை வைக்க இரண்டு மண்பானை போதும்: ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் ஈரமணல். கென்ய அகதி முகாமின் வெப்பநிலையை வைத்து ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் செய்த சோதனையில், 25 முதல் 37 டிகிரி வரை ஏறியிறங்கும் சூட்டில் நான்கு வாரம் இன்சுலின் கெடவில்லை என்று 2021-இல் தெரிந்தது.

வீட்டில் சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் ஒன்று இருபது ரூபாய் போல ஆகிறது. மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர் தினமும் வெறும் வயிற்றில் குத்திப் பார்ப்பது வீண் என்பேன். வாரத்தில் ஒரு நாள், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. ஒரு வாரம் இட்லி, அடுத்த வாரம் மதியச் சோறு, பிறகு ராத்திரிப் பரோட்டா. எது எவ்வளவு ஏற்றுகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். கேழ்வரகுக் கூழில் இவ்வளவு ஏறுமா என்று திகைத்தவர்கள் உண்டு. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் எண் பொய் சொல்லும். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் ஸ்ட்ரிப்பில் மிச்சம் பிடிக்கக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மாவையும் பிஸ்கட்டையும் நிறுத்தினால் அந்தக் காசுக்குப் பெரிய மார்க்கெட்டில் கீரையும் மத்தி மீனும் வரும்.

காசே செலவில்லாதது கால் பார்ப்பது. தினமும் படுக்கும் முன் விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால். குனிய முடியாதவர்களுக்குக் கண்ணாடி, இல்லாவிட்டால் வீட்டில் ஒருவர். வைத்திக்குப்பம் கடற்கரையில் உச்சி வெயில் மணலில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் மரத்துப்போயிருந்த கால்களைப் பார்த்திருக்கிறேன். மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போகிறவர்களைத் தரை சுடுவதற்கு முன் காலையிலேயே போய்விடச் சொல்கிறேன். மரத்த காலுக்கென்று செய்கிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி வாங்குகிற செலவை மட்டும் தள்ளிப்போட விடமாட்டேன். சிறு புண் என்றாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் வந்து கதவைத் தட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.